பாதி விலைக் கூப்பன் போட்டால் கடைக்குக் கட்டுப்படியாகுமா? நெல்லைப் பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பேக்கரி, பார்லர், மெஸ், ஜிம், செல்போன் ரிப்பேர் என்று முப்பது முப்பத்தைந்து நோட்டுகள் கைவசம் உண்டு. “பாதி விலைக்குக் கூப்பன் போடச் சொல்லி ஒருத்தர் போன் பண்ணுகிறார், போடலாமா அண்ணாச்சி?” என்று மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இந்தக் கூப்பன் வியாபாரம் எப்படி நடக்கிறது?

உங்கள் கடையில் 800 ரூபாய்க்குச் செய்யும் வேலையை 400 ரூபாய்க்குத் தருவதாக ஒரு கம்பெனி தன் ஆப்பில் போடும். வாடிக்கையாளர் அந்த 400 ரூபாயைக் கம்பெனியிடம் கட்டி, ஒரு குறியீட்டு எண்ணோடு உங்களிடம் வருவார். நீங்கள் வேலையை முடித்துக் கொடுத்து எண்ணைப் பதிந்துகொள்வீர்கள். கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைப் பிறகு உங்களுக்கு அனுப்பும். “முதலீடு ஒன்றும் வேண்டாம், விளம்பரம் இலவசம்” என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். இலவசம் எல்லாம் இல்லை. விளம்பரச் செலவை முன்பணமாக வாங்காமல் உங்கள் சரக்கில் கழித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

இது எங்கே ஆரம்பித்தது?

அமெரிக்காவில். 2008 நவம்பரில் சிகாகோவில் குரூப்பான் என்ற கம்பெனி தொடங்கியது. தங்கள் ஆபீஸ் இருந்த அதே கட்டடத்தின் கீழ்த்தளக் கடையில் ஒரு பீட்சா விலைக்கு இரண்டு பீட்சா, இதுதான் அவர்கள் விற்ற முதல் கூப்பன். இரண்டே வருடத்தில் கூகுள் சுமார் 600 கோடி டாலருக்கு விலை பேசும் அளவுக்கு வளர்ந்தார்கள், கொடுக்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். 2011 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். 2013-ல் தலைமை அதிகாரியையே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நம் நாட்டில் ஸ்னாப்டீல் 2010-ல் இப்படித் தினம் ஒரு தள்ளுபடிக் கூப்பன் விற்கும் கடையாகத்தான் பிறந்தது. கொஞ்ச நாளிலேயே அதை விட்டுவிட்டுப் பொருள் விற்கும் சந்தையாக மாறிக்கொண்டது. குரூப்பானும் 2011-ல் இங்கே ஒரு கம்பெனியை வாங்கிக்கொண்டு இறங்கியது. 2013 செப்டம்பரில் வெங்காய விலை எகிறிக் கிடந்தபோது கிலோ 9 ரூபாய்க்கு வெங்காயம் என்று போட்டார்கள். கூட்டம் தாங்காமல் அவர்கள் தளமே முடங்கிப்போனது. நயினார்குளம் மார்க்கெட் அண்ணாச்சி ஒருவரிடம் இதைச் சொன்னேன். “வித்தவன் சிரிச்சானா, வாங்கினவன் சிரிச்சானா, அதைச் சொல்லும்வே முதல்ல” என்றார். 2015-ல் இந்தியக் கிளை தனியாகப் பிரிந்து நியர்பை என்று பெயர் மாற்றிக்கொண்டது.

பாதி விலை என்றால் எனக்குப் பாதிப் பணம் வரும்தானே?

வராது. இந்த இடத்தில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். பாதி விலையில் கம்பெனிக்கும் ஒரு பங்கு போகும். பலரிடம் சரிபாதியே கேட்கிறார்கள். 800 ரூபாய் வேலை 400-க்குப் போகிறது, அதில் 200 கம்பெனிக்கு. அந்த 200 ரூபாய் கமிஷன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதாவது 36 ரூபாய். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்தவராக இருந்து உள்ளீட்டு வரியை (வாங்கியதற்குக் கட்டிய வரியை, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்கும் உரிமையும் இருந்தால் அது திரும்பி வரும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தொடாத சின்ன பார்லர் என்றால் பதிவே இருக்காது, அந்த 36-ம் கைக்காசுதான். ஆக 800 ரூபாய் வேலைக்குக் கையில் சேருவது 164 ரூபாய்.

இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டியதும் ஒரு ஜிம்காரர் ஐந்து நிமிடம் பேசவே இல்லை. அவர் மனதில் 400 என்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்படியானால் யாருக்குமே கட்டாதா?

சிலருக்குக் கட்டும். என் மதினி பாளையங்கோட்டையில் பார்லர் வைத்திருக்கிறார். தையும் ஆவணியும் முகூர்த்த நாட்களில் நிற்க இடம் இருக்காது. ஆடி பிறந்துவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். மார்கழியும் அப்படியே. வேலைக்கு இரண்டு பெண்கள், மாதச் சம்பளம். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் சம்பளமும் வாடகையும் ஏசி கரண்டும் நின்றுவிடாது.

போன வருடம் ஆடியில் செவ்வாய், புதன் இரண்டு நாள் மட்டும், ஃபேஷியலுக்கு மட்டும் கூப்பன் போட்டார். மொத்தம் 60 கூப்பன், அதற்கு மேல் ஒன்றுகூட விற்கக் கூடாது என்று எழுதி வாங்கினோம். கையில் வருவது மேலே சொன்ன 164. க்ரீம், பேக், டவல் சலவை எல்லாம் சேர்த்து ஒரு ஃபேஷியலுக்கு 110 ரூபாய். மிச்சம் 54. அறுபதுக்கும் சேர்த்து 3,240 ரூபாய். ஒரு மாத மினக்கேட்டுக்கு இது பெரிய தொகை இல்லை.

ஆனால் அந்த நாற்காலி எப்படியும் சும்மா கிடந்த நாற்காலி. வந்த பெண்களில் பாதிப் பேர் புருவமும் திருத்திக்கொண்டார்கள், அதற்கு முழு விலை. தீபாவளிக்கு முன் அவர்களில் பதினோரு பேர் கூப்பன் இல்லாமல் வந்தார்கள். ஒரு பெண் தன் தங்கை கல்யாணத்துக்கு மணப்பெண் அலங்காரத்தை மதினியிடமே கொடுத்தாள். அந்த ஒரு ஆர்டர் 12,000 ரூபாய். லாபம் வந்தது அங்கேதான், கூப்பனில் இல்லை. தை மாதத்திலும் போடலாமா என்று மதினி கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கூப்பனை வைத்து விற்க வேண்டியது காலி நாற்காலியை. நிறைந்த நாற்காலியை எதற்குப் பாதி விலைக்குக் கொடுக்க வேண்டும்?

பேக்கரி வைத்திருக்கிறேன். எனக்கு?

வேண்டாம். என் சித்தி மகன் வண்ணார்பேட்டைப் பக்கம் பேக்கரி நடத்துகிறான். என்னிடம் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டான், கணக்கு மட்டும் என்னிடம் வந்தது. அரைக் கிலோ பிளாக் ஃபாரஸ்ட் கேக் 350 ரூபாய், கூப்பனில் 175. கம்பெனி பங்கு போக அவனுக்கு 87 ரூபாய் 50 காசு. மாவு, க்ரீம், செர்ரி, கேஸ், பெட்டி எல்லாம் சேர்த்து அடக்கம் 190. வரியைச் சேர்க்காமலே ஒரு கேக்குக்கு 102 ரூபாய் 50 காசு கைநஷ்டம். எண்ணிக்கைக்கு வரம்பு போடவில்லை. 400 கூப்பன் விற்றது. 41,000 ரூபாய்.

பணத்தை விட இன்னொன்று எனக்கு உறுத்தியது. கூப்பன் முடியப் போகும் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் நான் அந்தக் கடையில் இருந்தேன். கல்லாவில் இருந்த பையன் ஒவ்வொரு போனாக வாங்கி, எண்ணைப் பார்த்து, நோட்டில் எழுதி, ஆப்பில் தட்டிக்கொண்டிருந்தான். நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. தினமும் ஐந்து மணிக்கு வந்து ஒரு வெஜ் பப்ஸும் நூறு கிராம் மிக்சரும் வாங்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அந்த வரிசையில் இருபது நிமிடம் நின்றார். சில்லறையைக் கையிலேயே எண்ணி வைத்திருந்தார். பையன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். அடுத்த வாரம் எதிர்ச் சாரிக் கடைப் பொட்டலம் அவர் கையில் இருந்ததைத் தம்பியே பார்த்தான். எட்டு வருட வாடிக்கை அது.

பார்லருக்கும் பேக்கரிக்கும் என்ன வித்தியாசம் என்றால், பார்லரில் செலவின் பெரும் பங்கு முன்கூட்டியே செலவாகிவிட்டது. பேக்கரியில் ஒவ்வொரு கேக்குக்கும் புதிதாகச் செலவு. அல்வாக்காரருக்கும் இதே கதைதான். கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் இன்றைய விலைக்கு வாங்கினால்தான் கிண்ட முடியும், நெய்யில் பாதியைக் குறைத்தால் அது நெல்லை அல்வா இல்லை. கீழ ரத வீதியில் மாலையில் கடை திறக்கும் முன்பே வரிசை நிற்கிறதே, அவர்களுக்குக் கூப்பன் எதற்கு?

பலசரக்குக் கடைக்கு?

நூற்றுக்குப் பத்து ரூபாய் நிற்காத வியாபாரத்தில் ஐம்பது ரூபாய்த் தள்ளுபடியா? போனை வைத்துவிடுங்கள்.

நஷ்டமானாலும் புது வாடிக்கை பிடிக்கலாம் என்கிறார்களே?

கொஞ்சம் உண்மை உண்டு. அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் உத்பல் தோலாக்கியா என்ற பேராசிரியர் கூப்பன் போட்ட கடைகளையே கேட்டு ஆராய்ந்தார். 2010-ல் வெளியான முதல் ஆய்வில் 150 கடைகள். 66 சதவீதம் பேர் லாபம் என்றார்கள், 32 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். நாற்பது சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் இன்னொரு முறை போட மாட்டோம் என்றார்கள். ஸ்பா, சலூன்கள் நன்றாகச் செய்திருந்தன, உணவகங்கள் கடைசி.

அடுத்த வருடம் 324 கடைகளை வைத்து இன்னொரு ஆய்வு செய்தார். அதில் லாபம் பார்த்தவை 55.5 சதவீதம், நஷ்டப்பட்டவை 26.6 சதவீதம், மீதி கூட்டிக் கழித்தால் சரிக்குச் சரி. கூப்பனோடு வந்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் புது ஆட்கள். கூப்பன் தொகைக்கு மேல் செலவு செய்தவர்கள் 35.9 சதவீதம். முழு விலை கொடுத்துத் திரும்பி வந்தவர்கள் 19.9 சதவீதம்.

இந்தக் கடைசி எண்ணைத்தான் நான் எல்லோரையும் பார்க்கச் சொல்வேன். ஐந்து பேரில் ஒருவர். பேக்கரித் தம்பி கணக்கில் ஐந்து கேக்குக்கு 512 ரூபாய் இழந்து ஒருவரைப் பிடிக்கிறான். அந்த ஒருவர் வருடத்துக்கு ஒரு பிறந்தநாள் கேக் வாங்குகிறவர் என்றால் போட்ட பணம் திரும்ப மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். மாதாமாதம் பார்லருக்கு வரும் பெண் என்றால் கதை வேறு. அதோடு இது அமெரிக்கக் கணக்கு. நம் ஊரில் எனக்குத் தெரிந்த கடைகளில் ஐந்துக்கு ஒன்று வந்தாலே அதிகம்.

பெரிய அடி வாங்கியவர்கள் உண்டா?

உண்டு. அமெரிக்காவில் போர்ட்லாண்ட் ஊரில் போசீஸ் என்ற சின்னக் காபிக் கடை 6 டாலருக்கு 13 டாலர் மதிப்புக் கூப்பன் போட்டது. ஆயிரத்தை ஒட்டி விற்றது. நஷ்டம் ஏறக்குறைய 8,000 டாலர். ஒரு மாதம் சம்பளத்துக்கும் வாடகைக்கும் சொந்தச் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது என்று கடையை நடத்திய அம்மாவே 2010-ல் எழுதினார்.

2011-ல் இங்கிலாந்தில் ரெடிங் ஊர்ப் பக்கம் ஒரு கப்கேக் கடை. 26 பவுண்டுக்கு விற்கும் பன்னிரண்டு கேக்கை 6 பவுண்டு 50 பென்சுக்குப் போட்டார்கள். 8,500 பேர் வாங்கிவிட்டார்கள். 1,02,000 கேக். வெளி ஆட்களைக் கூலிக்கு வைத்து ராப்பகலாகச் சுட்டார்கள், அந்த வருட லாபம் அதில் போனது. சித்தி மகனுக்கு இதைக் காட்டினேன். “நம்ம 400 தானே அண்ணே” என்றான். ஆறுதல் அவனுக்கு அப்படிக் கிடைத்தது.

குற்றாலத்தில் லாட்ஜ் இருக்கிறது. சீசன் இல்லாத மாதத்தில் கூப்பன் போட்டால்?

காலி நாற்காலிக் கணக்கைக் கேட்டுவிட்டு ஒருவர் இதைக் கேட்டார். காகிதத்தில் சரிதான். ஆனால் மார்ச்சில் அருவியே வறண்டு கிடக்கும்போது பாதி விலைக்கு அறை எடுத்து என்ன செய்வார்கள்? பாறையைப் பார்க்கவா? கூப்பன் விலையைக் குறைக்கும், அருவியில் தண்ணீரை வரவைக்காது.

சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அதிலேயே திங்கள் முதல் வியாழன் வரை அறைகள் காலியாக இருக்கும், வெள்ளி சாயங்காலம் கார்கள் வரிசைகட்டும். கூப்பனை அந்த நான்கு நாளுக்கு மட்டும் போடுங்கள். இன்னொன்று, தண்ணீர் அதிகமாக வந்தால் மெயின் அருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். “குளிக்க விடவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு” என்று கூப்பன்காரர் உங்கள் வரவேற்பு மேசையில்தான் சண்டை போடுவார், கம்பெனியில் போடமாட்டார். தடை நாளில் தேதியை மாற்றிக்கொள்ளலாம், பணம் திரும்பாது என்பதைக் கூப்பனிலேயே அச்சடிக்கச் சொல்லுங்கள்.

வருடா வருடம் ஆடித் தள்ளுபடி போடுகிறோமே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. ஆடித் தள்ளுபடியில் நடுவில் ஆள் கிடையாது. தேங்கிய சரக்கை வெளியே தள்ளுகிறீர்கள், பணம் அன்றைக்கே கல்லாவில் விழுகிறது. ஆடி முடிந்தால் விலை பழையபடி ஏறும் என்று வாங்குகிறவருக்கும் தெரியும், யாரும் தப்பாக நினைப்பதில்லை. திடீரென்று ஐப்பசியில் ஒரு மெஸ் பாதி விலைக்குச் சாப்பாடு போட்டால், “அப்போ இத்தனை நாளும் நம்மகிட்ட இரட்டிப்பு வாங்கிட்டு இருந்திருக்கான்” என்றுதான் பேச்சு வரும். சென்னையில் இது காற்றில் போய்விடும். மேலப்பாளையத்தில் பேசியது சாயங்காலத்துக்குள் ஜங்ஷன் வந்துவிடும்.

சாப்பாட்டு ஆப்களில் தள்ளுபடி போடுவது?

அது தனிக் கதை, கணக்கு மட்டும் இதே கணக்குதான். ஜொமாட்டோ 2017 நவம்பரில் கோல்டு என்று ஒன்றுக்கு ஒன்று இலவசத் திட்டம் கொண்டுவந்தது. 2019 ஆகஸ்டில் பெரிய நகரங்களில் ஏராளமான ஓட்டல்கள் கட்டுப்படியாகவில்லை என்று கூட்டமாக வெளியேறின. தள்ளுபடியில் ஆப் எவ்வளவு ஏற்கிறது, நீங்கள் எவ்வளவு ஏற்கிறீர்கள் என்பதை மட்டும் வாராந்திர ஸ்டேட்மென்டில் பாருங்கள். பார்க்காத கடைகள் என் நோட்டிலேயே ஆறு இருக்கின்றன.

கையெழுத்துப் போடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் அடக்க விலை. பொருள், கேஸ், பெட்டி, கூப்பன் கூட்டத்துக்காகக் கூடுதலாக வைக்கும் ஆளின் கூலி. வாடகையையும் மாதச் சம்பளத்தையும் இதில் சேர்க்காதீர்கள், அவை கூப்பன் இல்லாவிட்டாலும் போகும். கையில் வரும் தொகை இந்த அடக்கத்துக்குக் கீழே என்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

அப்புறம் எண்ணிக்கை வரம்பு. “வரம்பு வைத்தால் ஆப்பில் மேலே காட்ட மாட்டோம்” என்பார்கள். காட்டாவிட்டால் போகட்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேரைக் கவனிக்க முடியும், எத்தனை நாள் கூப்பன் செல்லும், இரண்டையும் பெருக்கி, அதில் பாதியைப் போடுங்கள். ஏனென்றால் மக்கள் வாங்கிய முதல் வாரமும் முடியப் போகும் கடைசி வாரமும்தான் வருவார்கள், நடுவில் வரமாட்டார்கள். ஒருவருக்கு ஒரு கூப்பன்தான். முன்பதிவு கட்டாயம். ஆனித் தேரோட்ட நாட்களிலும் தீபாவளி வாரத்திலும் செல்லாது என்று எழுதுங்கள். டவுன் ரத வீதியில் அன்றைக்குக் கடை திறந்திருந்தாலே கூட்டம் வரும்.

பணம் எப்போது வரும் என்பதை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். வேலை செய்த அன்றிலிருந்து எத்தனை நாள், எத்தனை தவணை, விற்று உபயோகிக்காமல் போன கூப்பனின் பணம் யாருக்கு. இந்த மூன்றும் தாளில் இருக்க வேண்டும். விற்பனைக்குப் பேச வரும் பையன் நல்லவனாகவே இருக்கலாம், ஆனால் ஆறு மாதத்தில் அவன் வேறு கம்பெனியில் இருப்பான்.

கூப்பனோடு வருகிறவர்களுக்கு அளவைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாமா?

கொடுத்தால் எதற்குப் போட்டீர்கள்? மறுபடி வரவைக்கத்தானே. அளவு குறைந்தால் அவரும் வரமாட்டார், நாலு பேரிடம் சொல்லவும் செய்வார்.

கூப்பன் இல்லாமல் ஆளைக் கூட்ட வேறு வழி?

நம் ஊர்க் கடைகள் காலங்காலமாகச் செய்வதுதான். கொசுறு. கேக் வாங்கினால் நாலு பட்டர் பிஸ்கெட்டைப் பொட்டலத்தில் போடுங்கள். ஒன்பது ஃபேஷியல் செய்தால் பத்தாவது இலவசம் என்று ஒரு அட்டை அடித்துக் கொடுங்கள், முந்நூறு அட்டை அச்சடிக்க ஆயிரம் ரூபாய் ஆகாது. அந்தச் சலுகை ஒன்பது முறை முழு விலை கொடுத்தவருக்குப் போகிறது, ஒருமுறை எட்டிப் பார்ப்பவருக்கு இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாற்காலி காலியாக இருந்தால், இருக்கிற வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் “இன்று நாலு மணி முதல் ஏழு மணி வரை 20 சதவீதம்” என்று அனுப்புங்கள். அந்த 20 சதவீதம் முழுவதும் உங்கள் வாடிக்கைக்குத்தான் போகிறது, கமிஷன் இல்லை, நாளைக்கு நிறுத்த நினைத்தால் நிறுத்திவிடலாம்.

ஏற்கனவே போட்டுவிட்டேன், கூட்டம் தாங்கவில்லை. இப்போது?

விற்பனையை இன்றே நிறுத்தச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள், போனில் மட்டும் சொல்லாதீர்கள். விற்றுப் போனதை மதித்துத்தான் ஆக வேண்டும், அதில் தகராறு வேண்டாம். கூப்பனுக்கு ஒரு நேரம் வையுங்கள், காலை பதினொன்று முதல் மாலை நாலு வரை என்று. ஏற்கனவே அச்சான நிபந்தனைக்கு அது முரணாக இருந்தால் கெஞ்சித்தான் கேட்க வேண்டும், பெரும்பாலானோர் ஒத்துக்கொள்கிறார்கள். கூப்பனுக்குத் தனி மேசை, தனி ஆள். சித்தி மகன் கடைசி நாளில்தான் இதைச் செய்தான். வழக்கமாக வருகிறவர்கள் அந்த வரிசையில் நிற்கக் கூடாது. முகம் தெரிந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவருக்கான பொட்டலத்தைக் கட்டத் தொடங்கிவிடுங்கள்.